அரை வாக்கு

1

போன மார்கழியில் நடந்த எங்கள் பொதுக்கூட்டத்துக்குத் தேநீர் வரவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே படாது. தமிழர் கூட்டம் என்றால் கதிரை தூக்குவார்கள், மைக்கைப் பறிப்பார்கள், தேநீர் வராததெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். கதிரை தூக்கியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்கெல்லாம் பழகிவிட்டோம்.

நான் இருப்பது டோர்ட்மண்டில். கிழமை நாட்களில் நகரத்து பஸ் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையின் செயலாளர். அகதிகளாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்து, பிள்ளைகளும் பிறந்த பிறகு நாங்கள் சிலர் கூடித் தொடங்கிய பாடசாலை அது. நகரசபை ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தந்தது.

தொடங்கியபோது பாடசாலைச் சங்கத்துக்கு ஒரு யாப்பு, அதாவது சட்டவிதி, எழுதினோம். இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்து பந்தடிப்பதற்கும் யாப்பு வேண்டும், அதை நீதிமன்றத்தில் பதியவும் வேண்டும். ஈழத்தில் இருந்து வந்த பெற்றோருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் மட்டுமே வாக்கு என்று அதில் ஒரு வரி போட்டோம். அப்போது இந்தப் பக்கத்தில் வேறு தமிழரை நாங்கள் கண்டதில்லை. யாராவது வெளியார் புகுந்து பாடசாலையைக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற பயம் மட்டும் எங்களிடம் நிறைய இருந்தது.

இன்றைக்குப் பாதிக்கு மேல் இந்தியத் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் பேரப்பிள்ளைகள் சனிக்கிழமையில் நீச்சலுக்குப் போகிறார்கள். இந்தியப் பெற்றோர் மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டினார்கள், கலைவிழா முடிய மண்டபம் கூட்டினார்கள். வாக்கு மட்டும் இல்லை. பொதுக்கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்காக வெளியே நடைகூடத்தில் காத்திருப்பார்கள். அங்கே ஒரு மேசையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலும் இருந்தன. சும்மா நிற்கிற நேரத்தில் யாரோ ஒருவர் ஒருநாள் எல்லோருக்குமாகத் தேநீர் போட்டார். அது வழக்கமாகிவிட்டது. கூட்டத்தின் நடுவில் கதவு திறக்கும், இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் தட்டில் வரும். நல்ல தேத்தண்ணி என்று சொல்லிக் குடித்துவிட்டு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் படிப்பிப்பது என்று நாங்கள் தீர்மானிப்போம்.

அன்று கதவு திறக்கவில்லை. என்னவென்று பார்க்க வெளியே போனேன். கேத்தல் காலியாக இருந்தது. கவிதா எழுந்து நின்றார். மதுரைக்காரர், பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறவர், இரண்டு பிள்ளைகளை எங்களிடம் அனுப்புகிறவர். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“டீ போடறதுல ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல சார். உள்ள எங்க பசங்களைப் பத்தி டிசைட் பண்றீங்க. நாங்க காரிடார்ல நிக்கிறோம். இனிமே உள்ள உக்கார விட்டா டீ போடறோம்.”

உள்ளே போய்ச் சொன்னேன். கொஞ்சம் சிரிப்பு, பிறகு கொஞ்சம் சத்தம். கடைசியில் தலைவர் இரத்தினம் அண்ணை தை மாதத்தில் ஒரு விசேட கூட்டம் வைப்போம் என்றார். அதற்குள் செல்வம் ஒரு வழி எழுதிக்கொண்டு வருவார் என்றும் சொன்னார். செல்வம் என்பது நான்.

2

சமரசம் எழுதுவதில் எனக்குச் சங்கத்தில் பெயர் உண்டு. கலைவிழாவில் யார் விளக்கேற்றுவது என்று இரண்டு பகுதி முறுகியபோது இரண்டு குத்துவிளக்கு வைத்தது நான். எந்தப் பாடநூல் என்று பிரிந்தபோது கீழ் வகுப்புக்கு ஒன்று, மேல் வகுப்புக்கு மற்றது என்று முடித்ததும் நான். இந்தப் புத்தி எனக்கு அமெரிக்காவில் இருந்து வந்தது. நான் அமெரிக்கா போனதில்லை.

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு வரலாறு படித்தேன். கிடுகு வேய்ந்த ஒரு ரியூட்டறி, தனியார் வகுப்பு. மாஸ்ரர் குறிப்புச் சொல்லுவார், நாங்கள் எழுதிப் பாடமாக்குவோம். பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவில் மற்றவர்களுடைய காடுகளுக்காகச் சண்டை பிடித்தது, வென்றவருக்கு மிஞ்சிய கடன், அதை அடைக்கக் குடியேற்றங்களின் தலையில் விழுந்த வரி, துறைமுகத்தில் கொட்டிய தேயிலை, சுதந்திரப் பிரகடனம், யாப்பு. அதற்குப் பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சமரசங்கள். ஒரு அடிமை மாநிலம் சேர்ந்தால் கூடவே ஒரு சுதந்திர மாநிலத்தைச் சேர்ப்பார்கள். வரைபடத்தில் ஒரு கோடு கீறி, கோட்டுக்குக் கீழே அடிமை வைத்திருக்கலாம், மேலே கூடாது என்பார்கள். “சமரசங்களே ஒன்றியத்தைக் காத்தன” என்று மாஸ்ரர் சொல்லி, அந்த வசனத்தின் கீழே கோடு போடச் சொன்னார். சிவப்புப் பேனையால் போட்டேன்.

அடுத்த பாடம் உள்நாட்டு யுத்தம். அந்த வகுப்பு நடக்கவில்லை. எங்கள் யுத்தம் பாதைகளை மூடிவிட்டது, மாஸ்ரர் எங்கேயோ இடம்பெயர்ந்து போனார், நான் கொழும்புக்கு வந்து அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். அமெரிக்காவில் பிறகு யுத்தம் வந்ததும் அதில் லட்சக்கணக்கில் செத்ததும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாடமாக்கியது பாடமாக்கியதுதான். என்னுடைய அமெரிக்கா இன்னமும் யுத்தத்துக்கு முந்தின நாளில், சிவப்புக் கோட்டோடு நிற்கிறது.

அந்தக் கோட்டை நம்பித்தான் தை மாதக் கூட்டத்துக்கு ஒரு தீர்வு எழுதினேன். இரண்டு இந்தியக் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அவர்களுக்கும் ஏதோ கிடைத்ததாக இருக்கும், எங்கள் ஆட்களின் பெரும்பான்மையும் போகாது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரத்தினம் அண்ணை நல்ல வேலை செய்தீர் என்றார். எனக்கும் அது நல்ல வேலையாகத்தான் தெரிந்தது.

3

மகள் அபிராமி போஹுமில் தனியாக இருக்கிறாள். ஒரு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கப் பயிற்சி எடுக்கிறாள். தொலைபேசியில் எங்களோடு ஜெர்மன்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் நான் காரில் போய் அவளை ஏற்றுவேன். எங்கள் பாடசாலையின் மேல் வகுப்பை அவள்தான் எடுத்தாள். வகுப்புக்கு முன்னால் நாக்கைப் பழக்க வேண்டும் என்று வழி முழுக்க என்னோடு தமிழில் கதைப்பாள். பாதிச் சொல் வராது, தடவித் தடவிக் கதைப்பாள், நான் திருத்துவதில்லை. திருத்தினால் நிறுத்திவிடுவாள்.

பாடசாலை மூடினால் இந்த ஊரில் தமிழ் அழிந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவன் நான். உண்மையான பயம் அவ்வளவு பெரியதில்லை. அந்த அரை மணி நேரக் கார்ப் பயணம் போய்விடும் என்பதுதான் என் பயம்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அபி வீட்டுக்கு வந்தாள். அடுத்த கிழமை அவளுடைய பாடத்தைப் பார்த்துப் புள்ளி போட மேற்பார்வையாளர்கள் வருகிறார்கள். பாடம் என்ன என்று கேட்டேன். அமெரிக்கா, குடியேற்றச் சண்டையில் இருந்து உள்நாட்டு யுத்தத்தின் வாசல் வரை என்றாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு உற்சாகம். குறிப்புச் சொல்லட்டோ என்று கேட்டேன். குறிப்பு வேண்டாம், நீங்களும் அம்மாவும் மாணவர்களாக இருங்கள் போதும் என்று அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஆள். வடக்கத்திய வியாபாரி, தெற்கத்திய தோட்ட முதலாளி, பூர்வகுடித் தலைவர், தோட்டத்தில் அடிமையாக இருக்கிறவர். அட்டை எடுத்த சிலர் மேசையைச் சுற்றி இருந்து பேரம் பேசலாம். மற்றவர்கள் சுவரோடு நிற்க வேண்டும், பாடம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. என் மனைவி பத்மாவுக்குத் தோட்ட முதலாளி விழுந்தது. அவளுக்கு அது நன்றாகவே வந்தது. எனக்கு விழுந்தது அடிமை. குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டிப் போய் நின்றேன்.

வியாபாரியாக அபியும் முதலாளியாகப் பத்மாவும் என்னைப் பற்றிப் பேசினார்கள். நாடாளுமன்றத்தில் தெற்குக்கு எத்தனை ஆசனம் என்று கணக்கிட என்னையும் எண்ண வேண்டும் என்றாள் பத்மா. வாக்குப் போடவோ ஆசனத்தில் இருக்கவோ விடாமல் எப்படி எண்ணுவது என்றாள் அபி. கடைசியில் எங்களில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணுவது என்று முடித்துக் கை குலுக்கினார்கள். அட்டையில் இருந்தது சரித்திரத்தில் நடந்தது. அது எனக்குத் தெரியும், பாடமாக்கியிருக்கிறேன், பரீட்சையில் எழுதுவதற்குத் தயாராக இருந்தேன். ஆனால் சுவரோடு நின்று கேட்டதில்லை.

பிறகு கோடு வந்தது, தப்பி ஓடியவரைப் பிடித்துக் கொடுக்கச் சட்டம் வந்தது, கறுப்பர் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்பு வந்தது, தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எல்லா இடத்திலும் ஒரே மேசை. சுவரோடு நின்ற என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அபி பாடத்தை நிறுத்தினாள். எங்கள் மாஸ்ரரும் இங்கேதான் நிறுத்தினார் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

தேநீர் குடித்த பிறகு என் தீர்வை எடுத்துக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் பதிகிற மாதிரி நல்ல ஜெர்மனில் எழுதித் தரச் சொன்னேன். இரண்டு தரம் வாசித்தாள்.

“அப்பா, நகரசபையிட்ட அறை கேட்டு எழுதேக்க எத்தினை பிள்ளையள் எண்டு போடுறனீங்கள்?”

“எல்லாரையும்.”

“இந்தியப் பிள்ளையளையும்?”

“ஓம். இல்லாட்டி அறை தரமாட்டினம்.”

அவள் தாளை மடித்து என் முன்னால் வைத்தாள். எனக்குத்தான் சூடேறியது. அவையளை நாங்கள் அடிமையாவோ வைச்சிருக்கிறம் என்று கேட்டேன்.

“இல்லை அப்பா. அதுவும் இதுவும் ஒண்டெண்டு நான் சொல்லமாட்டன். அங்க சங்கிலி. இங்க தேத்தண்ணி. ஆனா எண்ணுறதுக்கு ஆக்கள் வேணும், கதைக்கிறதுக்கு வேண்டாம் எண்டது ஒரே யோசினை.” அதற்கு மேல் தமிழ் வராமல் ஜெர்மனில் முடித்தாள். இதை நான் எழுதித் தரமாட்டேன், இது நிறைவேறினால் சனிக்கிழமை என்னை ஏற்ற வராதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

4

அதிகாலை வேலைப் பாளியில் பஸ் ஓட்டும்போது யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கும். முதல் ஓட்டத்தில் ஏறுகிறவர்கள் எல்லோரும் என்னைப் போலத் தூக்கம் போதாதவர்கள், ஒருவரும் கதைப்பதில்லை. எங்களைப் பற்றி எங்களை வைத்துக்கொள்ளாமல் பேசி முடித்த அறைகளைப் பற்றி எத்தனை வருடம் இந்த ஊர்ச் சந்திகளில் பதாகை பிடித்து நின்றிருக்கிறோம் என்று நினைத்தேன். அந்தப் பதாகைகளை எழுதியதும் செயலாளர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

விசேட கூட்டத்தன்று நடைகூடத்தில் கவிதாவும் மற்றவர்களும் வழக்கம்போல நின்றார்கள். அபியும் வந்திருந்தாள், அவளுக்கு வாக்கு உண்டு. இரத்தினம் அண்ணை என்னை எழுப்பி, எழுதி வந்ததை வாசியும் என்றார்.

“கிழிச்சுப்போட்டன் அண்ணை” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்களோடு செய்த ஒப்பந்தங்களைக் கொழும்பு கிழித்த கதைகளோடு வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு ஒப்பந்தம் கிழிப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கிழித்தவனாக நான் நிற்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பாடசாலைக்குப் பிள்ளை அனுப்புகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முழு வாக்கு என்று புதுப் பிரேரணை சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

இரத்தினம் அண்ணை சத்தம் போடவில்லை. அவர் கெட்ட மனுசன் இல்லை. பாடசாலை தொடங்கிய காலத்தில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே வந்து வகுப்பு எடுத்தவர்.

“எண்ணிக்கையால தோத்த சனம் நாங்கள், செல்வம். எல்லாத்தையும் விட்டிட்டு வந்து நாங்களாக் கட்டினது இது ஒண்டுதான். இதிலயும் எங்களை எண்ணிக்கையில தோக்கச் சொல்லுறீரோ?”

பிறகு அவரே பிரேரணையை வாக்குக்கு விட்டார். யாப்பை மாற்ற முக்கால் பங்கு கை உயர வேண்டும். அரைவாசிக்கு மேல் உயர்ந்தது, முக்கால் வரவில்லை. அபியின் கை கடைசிவரைக்கும் உயர்ந்தபடி இருந்தது, எண்ணி முடிந்த பிறகும் இறக்கவில்லை.

வெளியே போய் கவிதாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அடுத்த மாதத்தில் இருந்து ஒரு தேவாலய மண்டபத்தில் வகுப்பு வைக்கக் கேட்டிருக்கிறோம், கிடைத்துவிட்டது என்றார். பிறகு என் பின்னால் நின்ற அபியைப் பார்த்து, “மேம், நீங்க வருவீங்களா?” என்று கேட்டார். அபி என்னைப் பார்க்கவில்லை. ஓம் என்றாள்.

5

அபியின் பாடத்துக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பிள்ளைகள் அடுத்த பாடத்தில் யுத்தத்தைப் பற்றிக் கேட்டுத் துளைத்தார்களாம்.

எங்களுக்கு அடுத்த பாடம் நகரசபையில் இருந்து வந்தது. புதுப் பாடசாலை வருடத்துக்கு அறை வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டும், எத்தனை பிள்ளைகள் என்று எழுத வேண்டும். இரத்தினம் அண்ணை பழைய எண்ணையே போடும், ஆர் வந்து பாக்கப் போறான் என்றார். போனவர்களையும் சேர்த்தோ என்று கேட்டேன். ஓம் என்றார். இருந்தபோது வாக்கில்லாதவர்களை, போன பிறகும் எண்ணிக்கைக்கு வைத்திருக்கப் பார்க்கிறோம். நான் எங்கள் பிள்ளைகளை மட்டும் எழுதினேன். அந்தப் பெட்டிக்குள் எழுதும்போது அது மிகவும் சின்ன எண்ணாகத் தெரிந்தது.

அறைகள் கிடைக்கவில்லை. நகரசபைப் பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். குறைந்தது இவ்வளவு பிள்ளைகள் வேண்டும், விதி அப்படி என்று இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். அறைகளைப் பூட்டித் திறந்த திறப்புக் கோர்வையைப் பள்ளிக்கூடக் காவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஞ்சிய பிள்ளைகளுக்கு இரத்தினம் அண்ணை தன் வீட்டு இருப்பறையில் வகுப்பு நடத்துகிறார். நாங்கள் சந்தித்தால் காலநிலையைப் பற்றிக் கதைக்கிறோம்.

6

சனிக்கிழமை காலையில் இப்போதும் போஹுமுக்குப் போகிறேன். நீங்கள் வரத் தேவையில்லை, ரயிலில் போவேன் என்று அபி சொல்லிப் பார்த்தாள். பெற்றோல் என்னுடையது, நேரமும் என்னுடையது என்றேன். ஏறிக்கொண்டாள். கொஞ்ச நாள் வழியில் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தமிழ் வந்தது. பழைய மாதிரியே பாதிச் சொல் வருவதில்லை.

தேவாலய மண்டபத்துக்குள் நான் போவதில்லை. அங்கே எனக்குப் பிள்ளையும் இல்லை, பதவியும் இல்லை. வெளியே ஒரு நீளமான நடைகூடம் இருக்கிறது, ஒரு மேசை, ஒரு கேத்தல். போன கிழமை அவர்கள் சங்கம் பதிவதற்கான முதல் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. தேநீர் போட்டேன். இஞ்சி தட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கார்த் திறப்பின் பின்பக்கத்தால் நசித்தேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எத்தனை வருடம் கவிதா இப்படி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், நாங்கள் உள்ளே எத்தனை தரம் சிரித்திருப்போம்.

தேநீரை ஊற்றித் தட்டில் அடுக்கிவிட்டு, கதவைத் தட்டுவதா விடுவதா என்று நின்றேன். அதற்குள் கதவு திறந்தது. அபி நின்றாள்.

“அப்பா, உள்ளுக்கு வாங்கோ. உங்கட பேரும் போட்டிருக்கு.”

“என்னத்துக்கு? எண்ணிக்கைக்கோ?”

“வாக்குக்கும்” என்றாள்.

அவளுக்குப் பின்னால் கவிதா கையில் தாளோடு எட்டிப் பார்த்தார். “இங்க வந்து வேலை செய்யற யாரா இருந்தாலும் மெம்பர்னு எழுதிட்டோம் சார். ஓட்டெடுப்பு ஆரம்பிக்கணும், நீங்க வரணும்னு வெயிட் பண்றோம்.”

நான் தட்டைத் தூக்கினேன்.

“அதை அங்கயே வச்சுட்டு வாங்க” என்றார் கவிதா. “டீ அப்புறமா எல்லாரும் போய் எடுத்துக்கலாம்.”

தட்டை மேசையில் வைத்தேன். வெறுங்கையோடு உள்ளே போய் ஒரு கதிரையில் இருப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.